கபிலர் வளர்த்த கிளிக்குக் கூண்டு உண்டா?

எலவனாசூர்கோட்டை எங்கே இருக்குன்னு கேட்கிறவங்களுக்கு நான் வழக்கமாச் சொல்ற அடையாளம் இதுதான். உளுந்தூர்பேட்டையில சேலம் ரோட்டைப் பிடிச்சா, கள்ளக்குறிச்சிக்கு முன்னாடியே வர்ற ஊர். அங்கேருந்து வடக்கே திரும்பினா திருக்கோவிலூர். மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டினா கல்வராயன் மலை. 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், அதுக்கப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆனா ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சுற்றுவட்டாரம் மொத்தமும் ஒரே பேர்தான், மலையமான் நாடு. கடையெழு வள்ளல்களில் ஒருத்தனான திருமுடிக்காரி ஆண்ட மண்.

இந்த மண்ணுக்குத்தான் கபிலர் வந்து சேர்ந்தார். பறம்பு மலை விழுந்து, பாரி செத்து, நண்பனோட பொண்ணுங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச பிறகு அவர் உயிரை விட்ட இடம் திருக்கோவிலூர் பெண்ணையாற்றங்கரை. ஆத்துக்குள்ள இருக்கிற அந்தப் பாறையை இன்னிக்கும் கபிலர் குன்று என்றுதான் காட்டுறாங்க. கதை மட்டும் இல்லை, கல்லிலேயே இருக்கு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல் இது என்று செய்யுளாகவே சொல்கிறது. கபிலருக்கும் ராஜராஜனுக்கும் நடுவுல பல நூறு வருஷ இடைவெளி. அவ்வளவு காலம் இந்தப் பக்கத்து ஜனங்க அந்தக் கிழவரை மறக்காம வச்சிருந்திருக்காங்க பாருங்க.

சரி, நான் எழுத வந்தது கபிலர் செத்ததைப் பற்றி இல்லை. அவர் பறவை பழக்கியதைப் பற்றி.

பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையைச் சுற்றி வளைச்சுட்டாங்க. கோட்டைக்குள்ள சாப்பாடு போக வழியில்லை. அப்போ கபிலர் கிளிகளைப் பழக்கி வெளியே அனுப்பினார், அதுங்க வயல்ல இருந்து நெல் கதிரைக் கொத்திக்கிட்டு வந்து கொடுத்துச்சு, அதை வச்சே ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சாங்க. தமிழ் வாத்தியார் இதைச் சொல்லும்போது வகுப்புல எல்லாரும் வாயைப் பிளந்து கேட்போம். வாத்தியார் அடுத்த பாட்டுக்குப் போயிடுவார். யாரும் அவர்கிட்ட அடுத்த கேள்வியைக் கேட்டதில்லை. காலையில பறந்து போன கிளி சாயங்காலம் ஏன் திரும்பி வரணும்? வெளியேதான் நெல் விளைஞ்சு கிடக்கே, மரம் இருக்கே. உள்ளே இருக்கிறது பசியில கிடக்கிற ஒரு கூட்டம். யோசிச்சுப் பாருங்க, கிளிக்கு அதுல என்ன லாபம்?

கொஞ்சம் பாட்டுகளையே எடுத்துப் பார்த்தேன். இந்தச் செய்தி அகநானூற்றில் ரெண்டு இடத்துல வருது. 78-ம் பாட்டு நக்கீரர் பாடினது. அதுல கபிலரோட யோசனைப்படி தூரத்துல இருந்து செந்நெல் கதிர் கொண்டு வந்து, ஆம்பல் மலரையும் சேர்த்துக்கிட்டு, பல வருஷம் சமாளிச்சு, கடைசியில மூவேந்தரைப் பாரி விரட்டினான்னு வருது. பறவைன்னு அதுல நேரா ஒரு சொல் இல்லை. 303-ம் பாட்டு ஔவையார் பாடினது. அதுல பறவை வருது, ஆனா கிளி இல்லை! "குரீஇ", அதாவது குருவிக் கூட்டம். பறம்பு மலைக் குருவிகள் காலையில கூட்டமாப் போய், வளைஞ்ச செந்நெல் கதிரைக் கொண்டுவர அலைஞ்சுட்டு, பொழுது சாயும்போது திரும்பி வர்ற மாதிரி, தலைவிக்குக் கவலை வந்து அடையுதுன்னு உவமை. பின்னால வந்தவங்கதான் கிளின்னு முடிவு கட்டிட்டாங்க.

அப்போ கிளி பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாதுன்னுதான் நினைக்கிறேன். சிட்டுக்குருவியோ தூக்கணாங்குருவியோ நெல் வயலில் இறங்கினா அங்கேயே மணியை உரிச்சுத் தின்னுட்டுப் போயிடும். கிளி அப்படி இல்லை. நம்ம பக்கம் மக்காச்சோளமும் கம்பும் போடுறவங்களைக் கேளுங்க, வயிறெரிஞ்சு சொல்லுவாங்க. அது கதிரையே நறுக்குன்னு கடிச்சு, அலகுல கவ்விக்கிட்டுப் பறந்து போய் மரத்துல உட்கார்ந்து, ஒத்தைக் காலில் பிடிச்சுக்கிட்டு சாவகாசமாத் தின்னும். பாதியைத் தின்னு மீதியைக் கீழே போடும். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு விரல் இருக்கிறதால அதுக்குக் காலே கை மாதிரி. கதிரைக் கதிராகவே சுமந்துக்கிட்டு வர்ற பறவைன்னா கிளிதான் பொருந்துது. பின்னால வந்தவங்களும் வயலைப் பார்த்துத்தான் குருவியைக் கிளியா மாத்தினாங்களோ என்னவோ.

திரும்பி வர்ற விஷயம் இன்னும் சுவாரசியம். பச்சைக்கிளி (செந்தார்ப் பைங்கிளின்னு இலக்கியப் பேர்) பகலெல்லாம் சிதறி மேயும், பொழுது சாய்ஞ்சா நூத்துக்கணக்குல ஒரே இடத்துல அடையும். ஆலமரமோ, தென்னந்தோப்போ, கோபுரமோ, பாறையோ, ஒரு இடம் பிடிச்சுப் போச்சுன்னா வருஷக்கணக்கா அதே இடம். பறம்புன்னு அடையாளம் சொல்ற பிரான்மலையும் பாறையும் மரமுமான மலைதான். கிளி அடையுற இடமாவே அது இருந்திருக்கலாம். அப்போ கபிலர் கிளியைத் திரும்பி வர வைக்க வேண்டியதில்லை. அதுங்க எப்படியும் வரும். அவர் செய்ய வேண்டியிருந்தது வேறொண்ணு: கோட்டைக்குள்ள பசியில கிடந்த அத்தனை பேரையும் கிளி மேல கல் விடாமப் பார்த்துக்கிறது. அலகுல கதிரோட வந்து உட்கார்ற பறவை மிரளாம இருந்தாத்தான் அது போடுறதைப் பொறுக்க முடியும்.

இதெல்லாம் என் ஊகம்தான், தமிழறிஞர்கள் அடிக்க வராதீங்க :-)

ஆனா இந்த ஊகத்துக்கு நான் சாட்சிக்குக் கூப்பிடறதும் கபிலரைத்தான். சங்கப் புலவர்களில் கிளியை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் அவரை விட்டா ஆள் குறைவு. ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும் அவர் பாட்டு, அதுல பத்துப் பாட்டு கிளிக்குன்னே "கிள்ளைப் பத்து". குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்துக்குக் காவல் போற பொண்ணுங்க கையில தழல், தட்டை, குளிர்னு கிளி விரட்டுற கருவி வரிசையா வருது. இதையெல்லாம் விட எனக்குப் பிடிச்சது குறுந்தொகை 291. அந்தப் பாட்டுல கொடிச்சி குளிரைத் தட்டி ஓசை எழுப்பி விரட்டுறா. கிளிங்க போகலை. ஏன்னா அந்த ஓசை இனிமையா இருக்கு, அவதான் தங்களைக் கூப்பிடறாள்னு அதுங்க நினைச்சுக்கிட்டு தினையிலேயே உட்கார்ந்திருக்கு. அவ அழறா!

கவிஞர் கற்பனைன்னு தள்ளிட வேண்டாம். வயல்ல டப்பா தட்டுறவங்களுக்குத் தெரியும், முதல் நாள் பறந்து ஓடும், பத்தாம் நாள் தலையைக்கூடத் திருப்பாது. தனக்குக் கெடுதல் செய்யாத சத்தம்னு தெரிஞ்சுட்டா பயம் விட்டுப்போகும். இன்னிக்கு வயலில் கட்டுற பளபளா ரிப்பனுக்கும் அதே கதிதான். பயம் எப்படிப் போகுதுங்கிறதைத் தினைப்புனத்துலேயே பார்த்து வச்சிருந்த ஆள் கபிலர்.

நற்றிணை 102 செம்பியனார் பாட்டு. அதுல தலைவி, வளைஞ்ச தினைக் கதிரைக் கடிச்சு எடுத்த கிளியைப் பார்த்து முதல்ல சொல்றது "பயப்படாதே"ன்னுதான். உனக்கு வேணுங்கிற அளவு தின்னு முடி, அப்புறமா என் குறையைக் கேளுன்னு சொல்லிட்டு, காதலன்கிட்ட தூது போகச் சொல்றா. வரிசையைக் கவனிங்க. முதல்ல பயம் தீரணும், ரெண்டாவது வயிறு நிறையணும், மூணாவதுதான் நம்ம காரியம். பயந்த பறவையைப் பழக்குறவங்க இன்னிக்கும் கடைப்பிடிக்கிற வரிசை இதுவேதான். இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டுப் பெட் ஷாப்பில் பறவையைக் கைக்குப் பழக்கன்னே கதிரோட கட்டுக்கட்டா ஒரு தானியம் விக்கிறாங்க. கதிரின் ஒரு நுனியை நாம பிடிச்சுக்கணும், மறு நுனியில பறவை கொத்தும், நாளுக்கு நாள் நம்ம கைக்கும் அதுக்கும் இடையிலே இருக்கிற நீளத்தைக் குறைச்சுக்கிட்டே வரணும். அது என்ன தானியம்? நம்ம தினையேதான்!

ஆனா எல்லா ஊர்லயும் வழி இதுவா இல்லை. ரோமாபுரியில் பிளினி முதலாம் நூற்றாண்டுல எழுதி வச்சிருக்கார், இந்தியாவுல இருந்து வர்ற கிளிக்குப் பேச்சுக் கத்துக்கொடுக்கணும்னா இரும்புக் கம்பியால மண்டையில அடிக்கணுமாம். ஏன்னா அதோட மண்டை கெட்டி, லேசா அடிச்சா உறைக்காதாம். எந்தத் துறைமுகத்துல கப்பல் ஏறினதோ, ரோமாபுரி போய் அடி வாங்கி இருக்கு. பதினாறாம் நூற்றாண்டுல குமாவோன் ராஜா ருத்ரதேவர் எழுதின சைனிக சாஸ்திரம்னு ஒரு சமஸ்கிருதப் புத்தகம் இருக்கு, வேட்டைப் பருந்து பழக்குறது பற்றி. பிடிச்ச பறவையோட கண்ணை மூடி வச்சு, கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல மனுஷக் குரலுக்கும் கைக்கும் பழக்குறாங்க. பிளினியோட கம்பியை விட இது எவ்வளவோ தேவலை. இருந்தாலும் கண்ணை மூடித்தானே ஆரம்பிக்கிறாங்க.

நம்ம ஊர்ல கூண்டு எப்போ வந்தது? பெரும்பாணாற்றுப்படையிலேயே அந்தணர் வீட்டுக் கிளி வேத ஓசை பயிலுது, அதனால வீட்டுக்கிளி நமக்குப் புதுசு இல்லை. மதுரை மீனாட்சி கோயில்ல கிளிக்கூட்டு மண்டபம்னே பேர். அங்கே கூண்டுல இருந்த கிளிங்க மீனாட்சி பேரைச் சொல்லிப் பழகினதைப் பார்த்த பெரியவங்க நிறைய பேர் உண்டு. இப்போ மண்டபத்துக்குப் பேர் மட்டும்தான் மிச்சம். அப்புறம் கிளி ஜோசியம். சின்ன வயசுல எலவனாசூர்கோட்டை சந்தையில நானும் பார்த்திருக்கேன். கூண்டைத் திறப்பார், கிளி தத்தித் தத்தி வரும், சீட்டை எடுக்கும், ஒரு நெல்லு வாங்கும், உள்ளே போயிடும். கதவு திறந்தும் பறக்காத கிளியை அப்போ பக்தின்னு நினைச்சேன். இறக்கையை வெட்டியிருக்குன்னு பிற்பாடு அப்பா சொன்னார். ஒரு சீட்டுக்கு ஒரு நெல் என்கிற கணக்கு மட்டும் அப்பழுக்கில்லாத பயிற்சி, அதை ஒத்துக்கணும். மேல்நாட்டு விஞ்ஞானிங்க சோதனைச்சாலையில புறாவை வச்சுக் கண்டுபிடிச்சதை, இங்கே மரத்தடியிலேயே பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

இப்போ அது அருகிப் போச்சு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொண்ணூறுகளோட தொடக்கத்துல நம்ம நாட்டுப் பறவைகளை விக்கிறதும் வாங்குறதும் முழுசாத் தடையாச்சு. 2022-ல சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தப்போ, நாலாம் அட்டவணையில இருந்த பச்சைக்கிளி ரெண்டாம் அட்டவணைக்கு ஏறிடுச்சு. அதே வருஷம் பிப்ரவரியில சென்னையில ஒரு நடிகர் வீட்டுல இருந்த ரெண்டு பெரிய பச்சைக்கிளிகளுக்காக ரெண்டரை லட்சம் அபராதம் போட்டாங்க, பேப்பர்ல எல்லாம் வந்தது. அதுக்கப்புறம்தான் பல வீட்டுக்கு விஷயமே தெரிஞ்சது. "நாங்க குழந்தை மாதிரி வளர்க்கிறோமே"ன்னு நிறைய பேருக்கு வருத்தம். வருத்தம் நியாயம்தான். ஆனா அந்தக் குழந்தை எப்படி வந்ததுன்னும் பார்க்கணும். பட்டுப்போன தென்னை, பனை மரத்துப் பொந்துல கையை விட்டுக் குஞ்சை எடுக்கிறாங்க. இறக்கை முளைக்கிற முன்னாடியே மூட்டை கட்டிக் கொண்டு போறாங்க. வழியில எத்தனை செத்துப்போகும்னு விக்கிறவன் நமக்குச் சொல்ல மாட்டான்.

இங்கே ஒரு இடைச்செருகல். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துச்சு இல்லையா, அடுத்த ரெண்டு நாள் விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கமெல்லாம் பெய்த மழையை நம்ம ஆட்கள் மறக்க மாட்டாங்க. தென்பெண்ணை ரெண்டு கரையும் புரண்டு ஓடிச்சு. எலவனாசூர்கோட்டையில எங்க சித்தி வீட்டுப் பின்கட்டுல, ஆட்டுக்கல்லுக்குப் பின்னாடி ஒரு கிளி. நனைஞ்சு, குளிர்ல விறைச்சுக் கிடந்தது. பூனை பார்க்கிறதுக்கு முன்னாடி சித்தி பார்த்துட்டாங்க. துண்டைப் போட்டுத் தூக்கினப்போதான் தெரிஞ்சது, ரெண்டு இறக்கையிலும் நீளமான இறகெல்லாம் கத்தரிக்கோலால ஒரே சீரா வெட்டியிருக்கு. யார் வீட்டுக் கிளியோ, கூண்டு சாய்ஞ்சு வெளியே வந்திருக்கு. வனத்துறைக்கு அன்னிக்கே போன் போட்டாச்சு. ரோடெல்லாம் தண்ணி, வடிஞ்சதும் வர்றோம்னாங்க. ஒன்பது நாள் அது சித்தி வீட்டுல இருந்தது.

அந்த ஒன்பது நாள் கதையை நான் போன்லயும், கடைசி மூணு நாள் நேரிலயும் கேட்டேன், பார்த்தேன். சித்தி கிளி வளர்த்தவங்க இல்லை, கோழி வளர்த்தவங்க. ஒரு தக்காளி கிரேட்டைக் கவுத்து, மூணு பக்கம் பழைய புடவையால மூடி, ஒரு பக்கம் மட்டும் திறந்து வச்சாங்க. முதல் ரெண்டு நாள் யாரையும் கிட்டே விடலை. கையைக் கொண்டு போனா உர்ர்னு ஒரு சத்தம், நாய்க்குட்டி உறுமுற மாதிரி. சித்தப்பா விரலைப் பதம் பார்த்துடுச்சு. "மேலேருந்து கையை உடாதே, பருந்து வர்ற மாதிரி இருக்கும் அதுக்கு"ன்னு சித்தி அவரைத் திட்டினாங்க. இதை அவங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லலை. கோழிக்குஞ்சு பருந்து நிழலுக்கு எப்படிப் பதுங்கும்னு பார்த்த அனுபவம்தான். பக்கவாட்டுல கண் இருக்கிற பறவைங்க எல்லாம் யாராவது பிடிச்சுத் தின்ன வருவாங்களோன்னு பயந்தே வாழற ஜாதி. நேருக்கு நேர் ரெண்டு கண்ணாலயும் முறைச்சுப் பார்த்தா, அது மொழியில "உன்னைத் திங்கப் போறேன்"னு அர்த்தம்.

மூணாம் நாள்ல இருந்து சித்தி கிரேட்டுக்கு முதுகையும் தோளையும் காட்டி, தரையில உட்கார்ந்து அவரைக்காய் அரிய ஆரம்பிச்சாங்க. அதைத் திரும்பியே பார்க்கிறதில்லை. விலைவாசி, மருமகள், மழை எல்லாத்தையும் ஒரே குரல்ல பேசிக்கிட்டே இருப்பாங்க. எழுந்து போகும்போது பால் பிடிச்ச மக்காச்சோளத்துண்டு ஒண்ணை வாசல்ல வச்சுட்டுப் போவாங்க. ஆள் இருக்கும்போது தொடாது, போனதும் தின்னும். அஞ்சாம் நாள் ஆள் இருக்கும்போதே வந்து இழுத்துக்கிட்டு உள்ளே ஓடிச்சு. ஆறாம் நாள் ராத்திரி தலையைச் சிலுப்பிக்கிட்டு, அலகை நறநறன்னு அரைச்சுதாம். சித்தி பயந்துபோய் எனக்குப் போன் பண்ணாங்க, வலிப்பு ஏதாவது வந்துடுச்சான்னு. நிம்மதியாத் தூங்கப் போற கிளி அப்படித்தான் அரைக்கும்னு சொன்னேன். எட்டாம் நாள் நான் பார்க்கும்போது, சித்தி கையில பிடிச்சிருந்த மக்காச்சோளத்தோட மறு நுனியைக் கொத்திக்கிட்டு இருந்தது. அவங்க மடிக்கும் அதுக்கும் ஒரு சாண்தான்.

ஒன்பதாம் நாள் வனத்துறை ஆட்கள் வந்தாங்க. வெட்டின இறகு ஒண்ணொண்ணா உதிர்ந்து புதுசு முளைக்கணும், அதுக்குப் பல மாசம் ஆகும், அதுவரைக்கும் மத்த கிளிங்களோட பெரிய கூண்டுல இருக்கும், பறக்க வந்துச்சுன்னா விட்டுடுவோம்னு விளக்கமாச் சொன்னாங்க. சித்தி ஒண்ணும் பேசலை. பெட்டியில வைக்கும்போது மட்டும், "மேலேருந்து பிடிக்காதீங்க தம்பி"ன்னாங்க.

சிகாகோவில் ஒரு கடையில 1977-ல ஐரீன் பெப்பர்பெர்க்குங்கிற விஞ்ஞானி வாங்கின ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அலெக்ஸ் உலகப் பிரசித்தம். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் கேட்டாப் பதில் சொல்லும். 2007 செப்டம்பர்ல, முப்பத்தோரு வயசுல செத்தப்போ உலகப் பத்திரிகைகள் எல்லாம் இரங்கல் எழுதின. அந்த அலெக்ஸே வந்த புதுசுல மிரண்டு ஒடுங்கிப் போயிருந்ததை அந்த அம்மா தன் புத்தகத்துல எழுதியிருக்காங்க. அறிவாளிக் கிளிக்கும் ஆட்டுக்கல் கிளிக்கும் முதல் வாரம் ஒரே மாதிரிதான்.

இனி திரும்பவும் பறம்புக்கு வர்றேன். கபிலர் கதைக்கு இந்தக் காலத்துல ஏதாவது சாட்சி உண்டான்னு தேடினா, எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் சென்னை ராயப்பேட்டையில! ஜோசப் சேகர்னு கேமரா பழுது பார்க்கிறவர். பழைய கேமராக்கள் நிறையச் சேர்த்து வச்சிருந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடிக்கு ரெண்டு கிளி வந்ததுல இருந்து ஆரம்பிச்சதுன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அரிசி வச்சார். ரெண்டு நாலாச்சு, நாலு நூறாச்சு, அப்புறம் ஆயிரக்கணக்குல. மாடியில பலகை அடிச்சு, காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஊறவச்ச அரிசியை வரிசையா வைப்பார். சம்பாத்தியத்துல பெரும் பங்கு அரிசிக்கே போச்சு. கீழே பஸ்ஸும் ஆட்டோவும் ஹார்ன் அடிச்சுக்கிட்டுப் போகும், மேலே பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி கிளிக்கூட்டம். கூண்டு கிடையாது. இறக்கை வெட்டு கிடையாது. எந்த நிமிஷமும் பறந்து போகலாம், சாயங்காலம் திரும்பி வரும். காட்டுப் பறவைக்குச் சோறு போட்டுப் பழக்கினா அதோட இயல்பு கெட்டுப்போகும்னு சொல்றவங்க உண்டு, அவங்க பேச்சிலும் ஞாயம் இருக்கு. ஆனா அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அகநானூற்றுப் பாட்டு வெறும் உவமையாத் தெரியலை.

அதனால, கபிலர் கிளிக்குக் கூண்டு இருந்திருக்க வழியே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. கூண்டுல வச்ச கிளி முற்றுகைக்கு உதவாது. இறக்கை வெட்டின கிளி மதிலைத் தாண்டாது. அடிச்சுப் பழக்கின கிளி வெளியே போனா திரும்பாது. மிச்சம் இருக்கிற ஒரே வழி சித்தியோட அவரைக்காய் வழிதான். அதுக்கு நாள் வேணும். நக்கீரர் சொல்ற "பல வருஷம்" உண்மையோ உயர்வு நவிற்சியோ, கபிலர்கிட்ட நாளுக்குப் பஞ்சமில்லை. தினைப்புனத்துல விரட்டி விரட்டிப் பாட்டெழுதின அதே கிளியை, நாடு முடங்கிக் கிடந்தப்போ அவர் விரட்ட வேண்டாம்னு சொல்லியிருப்பார்னு நினைச்சுப் பார்க்கிறேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு நெல் கதிருக்கு நூறு, நூத்தம்பது மணி. ஆயிரம் மணி இருபது, இருபத்தஞ்சு கிராம் தேறும். அப்போ ஒரு கதிர் ஏறக்குறைய மூணு கிராம். ஆயிரம் கிளி ஆளுக்கொரு கதிர் கொண்டு வந்தா மூணு கிலோ நெல், குத்தினா ரெண்டு கிலோ அரிசி. பறம்பு நாட்டுல முந்நூறு ஊர்னு கபிலரே புறநானூற்றில் சொல்றார். உழவர் உழாமலே மூங்கில் நெல்லு, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நாலும் அந்த மலையில உண்டுன்னு 109-ம் பாட்டுல அவரே பட்டியலும் போடறார். அப்போ வயிறு நிறைஞ்சது கிழங்கினாலயும் மூங்கில் அரிசியினாலயும்தான். கிளி கொண்டு வந்தது ஒரு கைப்பிடி. ஆனா அந்த ஒரு கைப்பிடியைத்தான் ரெண்டு புலவர்கள் ஞாபகம் வச்சுப் பாடியிருக்காங்க, கிழங்கைப் பாடலை.

போன பொங்கலுக்கு இந்தக் கணக்கையெல்லாம் சித்திகிட்ட ஒப்பிச்சேன். பறம்பு, மூவேந்தர், நக்கீரர், மூணு கிராம் எல்லாம். முறத்தைத் தட்டிக்கிட்டே கேட்டுட்டு, "வழியில அது திங்காமலா வந்திருக்கும்? பாதிக் கதிருன்னு போட்டுக்கோ, ஒன்றரை கிலோ"ன்னாங்க.